சாயங்காலம் முடிவு, ராத்திரி பயணம்: காவிரி டெல்டாவில் விண்கல் மழை பார்க்கப் போகிறவர்களுக்கு

ஒரு மாதம் முன்பே நாள் குறித்து, விடுதியில் அறை போட்டு, ஆபீசில் லீவும் சொல்லிவிட்டு டெல்டாவுக்கு விண்கல் மழை பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் மேகத்தைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள். விண்கற்கள், அதாவது நாம் எரிநட்சத்திரம் என்று சொல்பவை, நிறைய வரும் தேதி வருஷா வருஷம் ஏறக்குறைய அதே தேதிதான். மேகத்துக்கு அப்படி எந்தக் கணக்கும் இல்லை. மதியம் முழுக்க மூடிக் கிடந்த வானம் ராத்திரி பதினோரு மணிக்குத் திறந்துகொள்ளும். சாயங்காலம் பளிச்சென்று இருந்த வானத்தில் இரண்டு மணிக்குக் கடலிலிருந்து மேகம் ஏறி வரும். அதனால் இந்த விஷயத்தில் திடீரென்று கிளம்புவதுதான் சரியான முறை. பை தயாராக இருக்கட்டும், போகிற ஊரில் ஒருவரிடம் சொல்லி வைத்திருங்கள். போவதா வேண்டாமா என்பதை மட்டும் அன்றைக்குச் சாயங்காலம் முடிவு செய்யுங்கள்.

தொலைநோக்கி, பைனாகுலர் எதுவும் வேண்டாம். விண்கல் வானத்தில் எந்த மூலையில் வேண்டுமானாலும் ஒரு நொடிக்குள் ஓடி மறையும். குழாய் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாம் அதற்கு வெளியேதான் விழும். வெறும் கண்ணும் இருட்டான இடமும் போதும், கூடவே கொஞ்சம் பொறுமை.

எந்த ராத்திரி?

வருஷத்தில் சின்னதும் பெரிதுமாக நிறைய விண்கல் மழைகள் உண்டு. புதியவர்கள் மூன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

முதலாவது ஜெமினிட். டிசம்பர் 13, 14 இரவுகள், அதாவது கார்த்திகை மாதக் கடைசி. வருஷத்திலேயே அதிக எண்ணிக்கை இதில்தான். நொடிக்கு 35 கிலோமீட்டர் வேகம். விண்கல் கணக்கில் இது மெதுவான நடைதான் என்பதால் கண்ணுக்கு நன்றாகப் பிடிபடும். மற்ற மழைகளுக்குப் பெரும்பாலும் வால்மீன்கள் விட்டுச்சென்ற தூசிதான் காரணம். இதற்கோ ஃபேத்தான் என்ற சிறுகோள். 1983இல் ஐராஸ் என்ற செயற்கைக்கோள் வழியாகக் கண்டுபிடித்தார்கள். இன்னொரு வசதியும் உண்டு. இந்தக் கற்கள் கிளம்பி வருவதுபோல் தெரியும் இடம் மிதுன ராசியில், புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது ராத்திரி எட்டு மணிக்குள் கிழக்கே எழுந்துவிடும். இரண்டு மணிவாக்கில் நம் ஊரில் ஏறக்குறைய உச்சிக்கே வந்துவிடும். குழந்தைகளோடு போகிறவர்கள் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை பார்த்துவிட்டுத் தூங்கப் போகலாம். மற்ற இரண்டு மழைகளில் அந்தச் சலுகை கிடையாது.

ஜெமினிட்டில் ஒரே தொந்தரவு வடகிழக்குப் பருவமழை. டெல்டாவில் டிசம்பர் நடுவில் மழை ஓய்ந்தது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

இரண்டாவது பெர்சீட், ஆகஸ்ட் 12, 13 இரவுகள், ஆடிக் கடைசி. கடைசியாக 1992இல் சூரியன் பக்கம் வந்து போன ஸ்விஃப்ட் டட்டில் வால்மீனின் தூசி இது. நொடிக்கு 59 கிலோமீட்டர் வேகம். வடக்கத்திக்காரர்களும் ஐரோப்பியர்களும் கொண்டாடுவது இதைத்தான். இந்தக் கற்கள் கிளம்பி வருவதுபோல் தெரியும் புள்ளி நமக்கு ராத்திரி பத்தே முக்காலுக்கு மேல்தான் வடகிழக்கில் தலைகாட்டும். விடியும் வரை பார்த்தாலும் பாதி வானத்துக்கு மேல் ஏறாது. அதனால் ஒரு மணிக்கு முன்னால் போய் உட்காருவதில் பெரிய லாபம் இல்லை. 2026இல் ஆகஸ்ட் 12 அமாவாசை. அப்படி அமைகிற வருஷத்தை விடக்கூடாது.

மூன்றாவதைப் பற்றித் தமிழில் யாரும் அதிகம் பேசுவதில்லை: ஈட்டா அக்வாரிட், மே 5, 6 விடியல். ஹாலி வால்மீன் உதிர்த்த தூசி. 1986இல் வந்துபோன அந்த வால்மீன் இனி 2061இல்தான் திரும்பும். ஆனால் அதன் துகள்கள் வருஷா வருஷம் நமக்குக் கிடைக்கின்றன. கும்ப ராசியில் சதயத்துக்குப் பக்கத்திலிருந்து புறப்படுவதுபோல் தெரியும். வடக்கே போகப் போக இந்த மழை சுருங்கிவிடும். தெற்கில் இருப்பதால் நமக்குக் கொஞ்சம் கூடுதல் பங்கு. எண்ணிக்கை குறைவுதான், பார்க்கத் தோதான நேரமும் விடியலுக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் மட்டுமே. ஆனாலும் டெல்டாவுக்கு முதல்முறை வருகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். சித்திரையில் வானம் திறந்திருக்க வாய்ப்பு அதிகம், வயல் காய்ந்திருக்கும், கொசுவும் குறைவு.

நிலாவுக்குச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் போதும். வளர்பிறை அஷ்டமி வரை பாதி ராத்திரிவாக்கில் நிலா மறைந்துவிடும், பின்னிரவு நமக்கு இருட்டு. தேய்பிறை அஷ்டமி என்றால் நேர் எதிர். சரியாக நமக்கு வேண்டிய நேரத்தில் கிழக்கே எழுந்து விடியும் வரை நிற்கும். பௌர்ணமியை ஒட்டிய நாலைந்து நாட்களில் விண்கல் மழை வந்தால் அந்த வருஷத்தை விட்டுவிடுங்கள். ஏகாதசி தாண்டிய தேய்பிறை பரவாயில்லை, மெலிந்த பிறை விடியலுக்குக் கொஞ்சம் முன்னால் வந்து எட்டிப் பார்ப்பதோடு சரி.

மாலை நாலு மணி: மேகம்

முடிவெடுக்கும் நேரம் இது. இந்திய வானிலைத் துறையின் தளத்தில் இரண்டு படங்கள் இலவசமாகக் கிடைக்கும். ஒன்று இன்சாட் செயற்கைக்கோள் எடுத்த அகச்சிவப்புப் படம், மற்றது காரைக்கால் ரேடார். நிறையப் பேர் ரேடாரை மட்டும் பார்த்துவிட்டு வானம் சுத்தம் என்று கிளம்பிவிடுவார்கள். ரேடார் மழைத்துளியைத்தான் காட்டும். மழை பெய்யாத மேகம் அதில் தெரியாது. நமக்கு எதிரி அந்த வெறும் மேகம்தான். அதனால் செயற்கைக்கோள் படம்தான் முதலில். கடைசி மூன்று நாலு படங்களை வரிசையாகப் பார்த்து, மேகம் எந்தத் திசையில் நகர்கிறது என்பதைக் கவனியுங்கள்.

ஆகஸ்டில் மேகம் மேற்கிலிருந்து வரும். சாயங்காலம் இடித்துப் பெய்துவிட்டு பத்து, பதினொன்றுக்குள் அடங்கும். அதன் பிறகும் உயரத்தில் வெள்ளைத் திரை மாதிரி மேகம் கொஞ்ச நேரம் தங்கியிருந்து, ஒரு மணிவாக்கில் கரையும். பெர்சீட்டுக்கு அந்த நேரம் பொருத்தம்தான். எனவே ஆகஸ்டில் சாயங்கால மழையைப் பார்த்துப் பயணத்தை ரத்து செய்ய வேண்டாம். மழைக்குப் பிறகு தூசி அடங்கி வானம் இன்னும் தெளிவாகவே இருக்கும்.

டிசம்பரில் கதை வேறு. மேகம் வங்கக் கடலிலிருந்து வரும், பின்னிரவிலும் விடியற்காலையிலும் கடலோரத்தில் திடீர் திடீரென்று பெய்யும். வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி என்று செய்தி வந்திருந்தால் படத்தைக்கூடப் பார்க்க வேண்டாம், வீட்டிலேயே இருங்கள். கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து என்ன செய்தது என்று இந்தப் பக்கத்து ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். தாழ்வுப் பகுதி எதுவும் இல்லாமல், வாடைக்காற்று அடித்து, பகலில் நீலம் நன்றாகத் தெரிந்தால் தாராளமாகக் கிளம்பலாம்.

மேற்கே போவதா, கடலுக்கா?

மேகம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்துவிட்டால் எங்கே போவது என்பதற்கும் பாதி விடை வந்துவிடும்.

டிசம்பரில் கடலை விட்டு விலகுங்கள். தஞ்சாவூருக்கு மேற்கே வல்லம், செங்கிப்பட்டி பக்கம் நிலம் கொஞ்சம் மேடு, செம்மண். தண்ணீர் தேங்காது. சம்பா நிற்கும் வயல் நடுவே ஈரத்தில் உட்கார வேண்டியதில்லை. கடலோரத்தில் பெய்யும் விடியல் மழையும் அவ்வளவு தூரம் எட்டுவது குறைவு. திருச்சி தேசிய நெடுஞ்சாலையின் விளக்குகள் தொந்தரவு தரும் என்பதால் அதிலிருந்து நாலைந்து கிலோமீட்டராவது உள்ளே போக வேண்டும்.

மே மாதத்தில் கடலைப் பார்த்துப் போங்கள். சதயம் எழுவது கிழக்கே, நமக்குக் கிழக்கே வங்கக் கடல். ஊர் விளக்கு எதுவும் இல்லாத இருட்டு அந்தத் திசையில் இலவசமாகக் கிடைக்கிறது. திருத்துறைப்பூண்டி தாண்டி வேதாரண்யம் போகும் வழியிலும் தலைஞாயிறு பக்கமும் நிலம் தட்டையாகக் கிடக்கும், ஊர்கள் தள்ளித் தள்ளி இருக்கும். வேதாரண்யத்து உப்பளங்கள் இன்னும் திறந்த வெளி. 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த அதே பக்கம்தான். ஆனால் மே மாதம் உப்பு விளையும் காலம், பாத்திகளில் கால் வைக்கக் கூடாது. அங்கே வேலை செய்கிறவர்களிடம் சொல்லிவிட்டு வண்டிப்பாதை ஓரத்தோடு நின்றுகொள்ளுங்கள்.

கோடியக்கரை என்று பலரும் ஆசைப்படுவார்கள். அது வனவிலங்கு சரணாலயம். ராத்திரி உள்ளே போய்ப் பாய் விரிக்கிற இடம் இல்லை, வனத்துறை விடாது, விடவும் கூடாது. வேளாங்கண்ணி, நாகூர் இரண்டிலும் தங்க வசதி இருந்தாலும் வெளிச்சம் அதிகம். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் இருட்டு உண்டு, ஆனால் தென்னந்தோப்பு வானத்தைப் பாதி மறைக்கும். டெல்டாவில் மலை மறைப்பதில்லை, தென்னையும் ஆற்றங்கரை மூங்கிலும்தான் மறைக்கும். அப்புறம் கடலோரத்தில் இறால் பண்ணைகள். வரைபடத்தில் ஆளில்லாத வெளி மாதிரி தெரியும், நேரில் போனால் குளத்துக்குக் குளம் விளக்கு எரியும். எண்ணெய்க் கிணறுகளில் எரியும் சுடரும் அப்படித்தான்.

ஆகஸ்டில் வடகிழக்கு திறந்திருக்கிற எந்த ஊரும் சரி. ஒன்றே ஒன்று, கொள்ளிடத்து மணலில் படுக்காதீர்கள். பார்க்க விசாலமாக, வெறிச்சென்று, ஆசையாகத்தான் இருக்கும். மேட்டூர் அணை 120 அடி நிரம்பினால் உபரித் தண்ணீர் வருவது இந்தக் கொள்ளிடத்தில்தான், அப்படி நிரம்புவதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் கட்சி என்னவென்றால், முதல் தடவைக்குச் சொந்தக்காரர் அல்லது சிநேகிதர் வீடு இருக்கிற கிராமம்தான் சிறந்த இடம். அந்த வீட்டு மொட்டை மாடி. தெருவிளக்கு கண்ணில் அடிக்கும் என்று பயப்பட வேண்டாம். விளக்கு இருக்கும் பக்கம் கொடி கட்டி ஒரு கனத்த போர்வையைத் தொங்கவிட்டால் போதும், படுத்த நிலையில் விளக்கு தெரியாது. விளக்கை அணைக்கக் கம்பத்தில் கைவைக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

எதன் மேல் படுப்பது?

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள்.

விண்கல் பார்க்க மல்லாந்து படுக்க வேண்டும். நின்றுகொண்டு பார்த்தால் அரைமணியில் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஆனால் டெல்டாவில் ராத்திரி வெறுந்தரையில் படுக்கக் கூடாது. நெல் விளைகிற பூமியில் எலி உண்டு, எலி இருந்தால் பாம்பும் உண்டு. கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும் பாம்பு. தரையில் தூங்குகிறவர்களைக் கடிப்பதில் பேர்போனது. அது கடித்தால் வலியும் வீக்கமும் இல்லாமலே இருக்கலாம். எறும்பு கடித்தது என்று நினைத்துத் திரும்பிப் படுத்தவர்கள் உண்டு. சில மணி நேரம் கழித்துக் கண் இமை தானாக மூடும், வயிறு வலிக்கும், விழுங்க முடியாது, மூச்சு திணறும். கண்ணாடி விரியன் கடித்தால் கடுமையாக வலித்து வீங்கும். வரப்போரப் புல்லில் டார்ச் இல்லாமல் நடக்கும்போதுதான் அதை மிதிப்போம்.

ஆகவே மாடி கிடைத்தால் மாடி. இல்லையென்றால் கயிற்றுக் கட்டில், ஊர்ப்பக்கம் கேட்டால் எடுத்துத் தருவார்கள். டிராக்டர் டிரெய்லர் இன்னும் நல்லது, நாலு பேர் படுக்கலாம், உயரமாகவும் இருக்கும். சிமெண்ட் போட்ட நெற்களம் மூன்றாவது, அதிலும் கட்டில் போட்டுத்தான். வைக்கோல் போர் மேல் ஏறிப் படுப்பது படத்தில் பார்க்க அழகு, நிஜத்தில் அது எலிக்கும் பாம்புக்கும் வீடு. மூடிய ஷூ, முழுக்கால் சட்டை, கையில் டார்ச். போர்வையை உதறிவிட்டுத்தான் போர்த்த வேண்டும், ஷூவைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

கடித்துவிட்டால், அல்லது கடித்ததோ என்று சந்தேகம் வந்தாலே, 108க்குப் போன் செய்யுங்கள், இல்லையென்றால் நேராக அரசு மருத்துவமனை. விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும், அதுவும் இலவசம். கிளம்பும் முன்பே பக்கத்து அரசு மருத்துவமனை எந்த ஊரில் என்று பார்த்து வைத்துக்கொள்வது ஐந்து நிமிட வேலை. கடிபட்டவரை நடக்கவிடாதீர்கள், கையோ காலோ அசையாமல் வையுங்கள். கயிறு போட்டு இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை வைத்துக் காத்திருப்பது, எதுவும் வேண்டாம்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். மோட்டார் கொட்டகையில் ஒதுங்காதீர்கள். மும்முனை மின்சாரம் ராத்திரி வந்தால் மோட்டார் ஓடும், மழையில் நனைந்த வயர் எங்கே தொங்குகிறது என்று இருட்டில் தெரியாது. தூரத்தில் இடி கேட்டால் திறந்த வெளியை விட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

ஊரில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்

ராத்திரி ஒரு மணிக்கு நாலு பேர் டார்ச்சோடு வயல் ஓரம் நின்றால் ஊர் சும்மா இருக்குமா? மோட்டார் திருட்டு, வயர் திருட்டு என்று ஏற்கெனவே ஜனங்கள் பயந்துபோய் இருக்கிறார்கள். வெளிச்சம் இருக்கும்போதே, ஆறு மணிக்குள் போய்ச் சேர்ந்து, டீக்கடையில் ஒரு டீ குடித்துக்கொண்டே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். "ஐயா, இன்னைக்கு ராத்திரி எரிநட்சத்திரம் நிறைய விழுமாம். உங்க களத்துல உக்காந்து பாத்துட்டு விடிஞ்சதும் போயிடுறோம்." அவ்வளவுதான். கேலி செய்வார்கள், ஆனால் அனுமதி கிடைக்கும். பெரும்பாலும் கட்டிலும் கிடைக்கும். சில வீடுகளில் பெரியவர்கள் எரிநட்சத்திரத்தைப் பார்த்தால் உடனே பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும் என்பார்கள், சரி என்று தலையாட்டுங்கள்.

ரோந்து போலீஸ் வந்தாலும் இதே பதில்தான், அடையாள அட்டையோடு. கடற்கரை ஊர்களில் கட்டாயம் கேட்பார்கள். கிளம்பு என்றால் வாதாடாமல் கிளம்பிவிடுங்கள், அதற்காகத்தான் இரண்டாவது இடம் ஒன்றை யோசித்து வைத்திருக்க வேண்டும். குடும்பமாக, பெண்கள் குழந்தைகளோடு போகிறவர்கள் தெரிந்த வீட்டு மாடியைத் தவிர வேறு எதையும் முதல் தடவை யோசிக்க வேண்டாம். சரக்கு பாட்டிலோடு வருகிற கூட்டத்துக்கு இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை, ஒருமுறை அப்படி ஒரு கூட்டம் வந்து போனால் அடுத்து வருகிறவர்களுக்குக் களம் கிடைக்காது.

பை

டிசம்பர் என்றால் பனிதான் முதல் கவலை. குளிர் பெரிதில்லை, ஆனால் இரண்டு மணிக்குப் போர்வை பிழியலாம் போல நனைந்திருக்கும். மேலே போர்த்த ஒரு மெல்லிய தார்ப்பாய், குல்லா, மஃப்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். கொசுவுக்கு மேலே தடவும் களிம்பு நல்லது. கொசுவலைக்குள் படுத்தால் வானம் மங்கும், கொசுவர்த்திப் புகை கண்ணில் ஏறும். ஃபிளாஸ்கில் காபியோ சுக்கு மல்லிக் காபியோ. சாப்பாடு புளியோதரை, இட்லிப்பொடி தடவிய இட்லி மாதிரி இருட்டில் கையால் எடுத்துச் சாப்பிடக் கூடியது. தண்ணீர். டார்ச் முகப்பில் சிவப்பு ஜிலேட்டின் தாளை இரண்டு மடிப்பாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள், ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும். பவர் பேங்க். மே மாதத்தில் போர்வைக்குப் பதில் ஒரு பழைய வேட்டி போதும்.

பார்ப்பது

கண் இருட்டுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் ஒருவர் போனைத் திறந்தால் எல்லோருக்கும் மறுபடி முதலிலிருந்து. ஆகவே புறப்படும் முன்பே பேசிக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப் விடிந்த பிறகுதான். நடமாட வேண்டியிருந்தால் சிவப்பு டார்ச். சிவப்பு வெளிச்சம் இருட்டுப் பார்வையை அவ்வளவாகக் கெடுக்காது. ஆனால் புல் தரையில் நடக்கும்போது மட்டும் தயங்காமல் வெள்ளை டார்ச்சைப் போடுங்கள். விண்கல் இன்னொன்று வரும்.

இடம் போதுமான இருட்டா என்று சோதிக்கக் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைப் பாருங்கள். டிசம்பரில் பத்து மணிவாக்கில் கிட்டத்தட்டத் தலைக்கு மேல் இருக்கும், ஆகஸ்டில் மூன்று மணிக்குக் கிழக்கே. ஆறு புள்ளிகளைத் தனித்தனியாக எண்ண முடிந்தால் நல்ல இடம். வெறும் புகைத்திட்டாகத் தெரிந்தால், கண்ணாடி மாற்ற வேண்டும் அல்லது இடத்தை மாற்ற வேண்டும். மே மாதம் கார்த்திகை கிடைக்காது. அப்போது தெற்கே விருச்சிகத்தின் வால், நம் மூலம், அதை ஒட்டிப் பால்வீதி வெள்ளையாக ஓடுவது தெரிகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது எந்தப் பக்கம் பார்ப்பது என்பது. மழையில் பைக் ஓட்டும்போது துளிகள் எல்லாம் எதிரே ஒரே இடத்திலிருந்து கிளம்பி முகத்துக்கு வருவதுபோல் தெரியும், இல்லையா? பூமி தூசிப் பாதைக்குள் ஓடும்போதும் அப்படித்தான் தெரிகிறது. அந்த ஒரே இடம்தான் புனர்பூசப் பக்கம், சதயப் பக்கம் என்று மேலே சொன்னவை. ஆனால் அதையே முறைத்துக்கொண்டிருக்காதீர்கள். அங்கே தெரிகிற விண்கற்கள் நேராக நம்மை நோக்கி வருவதால் கோடு குட்டையாக இருக்கும். அதிலிருந்து பாதி வானம் அளவுக்கு விலகி, எந்தப் பக்கம் அதிக இருட்டோ அங்கே பாருங்கள், நீளமான கோடுகள் கிடைக்கும். நாலு பேர் இருந்தால் நாலு பக்கம் தலை வைத்துப் படுங்கள். மற்றவர் "அதோ!" என்று கத்தும்போது திரும்பிப் பார்த்துப் பயன் இல்லை, அதற்குள் முடிந்திருக்கும்.

மினுக்கி மினுக்கிப் போனால் விமானம். மினுக்காமல் நிதானமாக இரண்டு மூன்று நிமிடம் வானத்தைக் கடந்தால் செயற்கைக்கோள். வரிசையாகப் புள்ளி புள்ளியாகப் போனால் ஸ்டார்லிங்க் என்ற இணையச் செயற்கைக்கோள்கள். விண்கல் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளாது. பொதுவாக மணல் துகளிலிருந்து பட்டாணி வரைக்கும்தான் அளவு, 100 கிலோமீட்டர் உயரவாக்கில் காற்றை மோதி, முன்னால் இருக்கும் காற்று அமுங்கிக் கொதித்து, தானும் ஆவியாகிவிடும். இந்த மழைகளில் எதுவும் தரைக்கு வந்து சேராது, தலையில் விழுமோ என்ற பயம் வேண்டாம்.

இனி எண்ணிக்கை. செய்திகளில் ஜெமினிட் என்றால் மணிக்கு 120, 150 என்று போடுவார்கள். அது புறப்படும் புள்ளி நேர் உச்சியில் இருந்து, வானம் அப்பழுக்கில்லாமல் இருட்டாக இருந்தால் கிடைக்கும் கணக்கு. ஓரளவு இருட்டான டெல்டா கிராமத்தில் பின்னிரவில் மணிக்கு 50வாக்கில் எதிர்பார்க்கலாம். தஞ்சாவூர் மாதிரி ஊருக்குள் மாடியில் இருந்தால் 10, 15. பெர்சீட் கிராமத்தில் 30 அளவில், ஈட்டா அக்வாரிட் 10 முதல் 15. அவையும் சீராக வராது. பத்து நிமிடம் ஒன்றும் இருக்காது, அப்புறம் அரை நிமிடத்தில் மூன்று ஓடும். முதல் கால் மணியில் எழுந்து போகிறவர்கள்தான் "ஒண்ணுமே தெரியல" என்று சொல்கிறவர்கள். ஒரு மணி நேரம் படுக்க முடியாது என்றால் கிளம்பவே வேண்டாம்.

எண்ணி வைக்க விருப்பமுள்ளவர்கள் போனில் ஒலிப்பதிவைப் போட்டு, திரையை அணைத்து, பையில் வைத்துவிட்டு ஒவ்வொரு கல்லுக்கும் குரல் கொடுத்தால் போதும்: "ஜெமினிட், பிரகாசம்", "வேற, மங்கல்". கோட்டைப் பின்னோக்கி நீட்டிப் பார்த்தால் புறப்பட்ட புள்ளி வழியாகப் போகிறதா என்று தெரியும், போகவில்லை என்றால் அது அந்த மழையைச் சேர்ந்ததில்லை. எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை, மேகம் எவ்வளவு மறைத்தது என்பதையும் சேர்த்துக் குறித்தால், 1988இல் தொடங்கிய சர்வதேச விண்கல் அமைப்புக்கு அவர்கள் இணையதளம் வழியாகவே அனுப்பலாம். வெறுங்கண் கணக்குகளைத்தான் அங்கே தொகுக்கிறார்கள், நம் பக்கத்துக் கணக்குக்கும் மதிப்பு உண்டு.

படம் எடுப்பது பற்றி ஒரே பத்தி. முக்காலி, 20 முதல் 30 நொடி திறப்பு, ஐஎஸ்ஓ 1600க்கு மேல், ஃபோகஸ் முடிவிலியில். தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருக்கும்படி வைத்துவிட்டு வந்து படுத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை லென்ஸில் பனியைத் துடைக்க வேண்டும். கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர் விண்கல் பார்க்க மாட்டார், ஒரே ஆளை அதற்கு ஒதுக்கிவிடுங்கள்.

விடியல்

மே மாதம் நாலரைக்கும், ஆகஸ்டில் நாலே முக்காலுக்கும், டிசம்பரில் ஐந்தேகாலுக்கும் கிழக்கு வெளுக்க ஆரம்பிக்கும், அதோடு ஆட்டம் முடிந்தது. இனிமேல்தான் இந்தப் பயணத்தின் உண்மையான ஆபத்து: தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டுவது. டெல்டா ரோட்டில் விடியற்காலையில் பின்விளக்கு இல்லாத டிராக்டர், படுத்துக்கிடக்கும் மாடு, பால்காரர் சைக்கிள் எல்லாம் இருக்கும், பனிமூட்டமும் இருக்கும். அங்கேயே இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு வெயில் வந்த பிறகு கிளம்புங்கள். முடியாது, ஆபீஸ் இருக்கிறது என்றால் வண்டியை விட்டுவிட்டு முதல் பஸ்ஸிலோ ரயிலிலோ வந்து போகிற மாதிரி இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மேகம் ஏமாற்றிவிட்டால் மறுநாள் போகலாமா? ஈட்டா அக்வாரிட்டுக்குத் தாராளமாகப் போகலாம், உச்சத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பின்னும் எண்ணிக்கை பெரிதாகக் குறையாது. பெர்சீட்டுக்கு மறுநாள் பாதியாவது கிடைக்கும். ஜெமினிட் உச்சம் தாண்டியதும் வேகமாக இறங்கிவிடும், டிசம்பர் 15க்கு மேல் அதற்காக ராத்திரி விழிப்பது வீண். அதனால் டிசம்பர் 12 சாயங்காலமே வானம் திறந்திருந்தால் உச்ச நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும், பார்த்த ராத்திரியாக இருக்கும்.